வேலியா, கூண்டா, துப்பாக்கியா? கரும்புத் தோட்டத்தில் பன்றியைச் சமாளிக்கும் வழிகள்

தென்னாப்பிரிக்காவின் நடாலில், உம்சிண்டோ பக்கம் சின்ன அளவில் கரும்பு போட்டிருக்கும் யாரைக் கேட்டாலும் ஒரு பன்றிக் கதை சொல்வார்கள். எங்கள் வீட்டுக் கதை ஒரு ஜூன் மாதத்தில் நடந்தது. வெட்டுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, காட்டுப் பள்ளத்தை ஒட்டிய ஓரத்தில் பதினைந்து வரிசை ஒரே வாரத்தில் போய்விட்டது. பாதையில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, தோகை பச்சையாகத்தான் நின்றது. உள்ளே நுழைந்தபோது அடிக்கரும்பெல்லாம் முறிந்து, சாற்றை உறிஞ்சித் துப்பிய சக்கை தரையெங்கும் கிடந்தது. மிச்சம் நின்றதும் பாதி புளித்துவிட்டது. ஆலையில் நமக்கு வெறும் எடைக்குக் காசு கிடையாது. ஆர்.வி. என்று சொல்கிறோமே, கரும்பிலிருந்து எடுக்கக்கூடிய சர்க்கரையின் கணக்கு, அதை வைத்துத்தான் பணம். புளித்த கரும்பை ஏற்றி அனுப்பினால் லாரி வாடகைதான் மிச்சம்.

பெரியப்பா அன்றைக்கே சொன்னார்: "சுட்டுத் தள்ளுடா தம்பி, வேற வழி இல்ல." அதிலிருந்தே தொடங்குகிறேன். ஆனால் அதற்கு முன்னால் எந்தப் பன்றியைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வழிகளை எடைபோடும் தராசே அதைப் பொறுத்து மாறிவிடும்.

தென்னாப்பிரிக்காவில் பயிரை அழிக்கும் பன்றிகளில் இங்கே பேச வேண்டியவை இரண்டு வகை. வெஸ்டர்ன் கேப் மாகாணத்தில் இருப்பது வீட்டுப் பன்றியின் இனம். பைன் மரங்களைத் தின்னும் ஒரு அந்துப்பூச்சியின் புழுக்களைக் கட்டுப்படுத்தலாம் என்று 1920களில் காட்டில் விடப்பட்டது. புழுவோடு அது நிற்கவில்லை. வயலைக் கிளறியது, உலகத்தில் அங்கே மட்டுமே வாழும் ஜியோமெட்ரிக் ஆமைக்கும் ஆபத்தாகிவிட்டது. அந்தப் பன்றியை அடியோடு ஒழிப்பதுதான் அங்கே நோக்கம், அது சரியும்கூட. நம் நடாலில் இரவில் வருவது புஷ்பிக், இந்த மண்ணுக்கே உரிய காட்டு விலங்கு. 1860இல் டுரூரோ கப்பல் நம் ஆட்களைக் கரும்பு வேலைக்காக மதராஸிலிருந்து கொண்டுவந்து இறக்குவதற்கு எத்தனையோ காலம் முன்பே இந்தப் பள்ளத்தாக்குகளில் அது இருந்தது. அதன் காட்டை வெட்டிக் கரும்பு நட்டது நாம். அதனால் இதை ஒழிப்பது பற்றி நான் பேசப்போவதில்லை. என் பயிர் தப்ப வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது துப்பாக்கிக்கு வருவோம். புஷ்பிக் இரவில் நடமாடும், பகலில் புதரிலோ கரும்புக்குள்ளேயோ படுத்துக்கிடக்கும். வளர்ந்த கரும்பில் இரண்டடி தள்ளி நிற்பதுகூடக் கண்ணுக்குத் தெரியாது. வெட்டிய வயலில் இரை போட்டு, விளக்கு வைத்துக் காத்திருந்தால் ஒன்றை வீழ்த்தலாம். கூடவந்த மற்றவை பாடம் கற்றுக்கொண்டு போய்விடும். அடுத்த முறை விளக்கைப் பார்த்தாலே திரும்பிவிடும், ஆனால் கரும்பை விடாது. சின்னத் தோட்டங்கள் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் குண்டு எந்த வீட்டுப் பக்கம் போகும் என்ற கவலை வேறு. துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும், விலங்கைச் சுடுமுன் மாகாண வனவிலங்குத் துறையான எசெம்வேலோவின் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். இத்தனைக்குப் பிறகும் கிடைப்பது ஒரு பன்றி.

நாயை விட்டு விரட்டுவதையும் இதோடு சேர்க்கலாம். கடாப் பன்றியின் கீழ்த் தந்தம் கத்தி மாதிரி. வயிறு கிழிந்து வந்த ஒரு நாயை நான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். இனி எந்த நாயையும் அந்தக் கரும்புக்குள் அனுப்பமாட்டேன்.

கூண்டு துப்பாக்கியைவிட மேல். காரணம், சரியாகச் செய்தால் கூட்டம் முழுவதும் ஒரே இரவில் சிக்கும். "சரியாக" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வலுவான கம்பி வலைத் தட்டிகளை வட்டமாக நட்டு, கதவைத் திறந்து கட்டிவைத்து, ஊறவைத்துப் புளித்த மக்காச்சோளத்தை உள்ளே போட வேண்டும். முதல் சில நாள் வெளியே மட்டும் தின்னும். அப்புறம் குட்டிகள் நுழையும். பெரிய பெட்டையும் கடாவும் கடைசியில்தான் வரும். அதுவரை கதவை இறக்கக் கூடாது. பொறுமையில்லாமல் முதல் இரவே இறக்கி இரண்டு குட்டியைப் பிடித்தால், வெளியே நின்ற தாய் அந்தக் கூண்டுப் பக்கம் மறுபடி எட்டிப்பார்க்காது. இடையில் குரங்கும் முள்ளம்பன்றியும் இரையைத் தின்றுவிட்டுப் போகும், அதையும் சகிக்க வேண்டும்.

சிக்கிய பிறகு என்ன செய்வது என்பது பெரிய கேள்வி. விடியுமுன் ஆள் போயாக வேண்டும். அறுபது, எண்பது கிலோ விலங்கு கம்பியில் மோதிக்கொண்டு நிற்கும். அதைத் துன்பமில்லாமல் முடிக்கத் தெரிந்தவர் கூட வர வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலின் கிருமி புஷ்பிக்கின் உடம்பில் எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்க முடியும். கழிவையோ எலும்பையோ வீட்டுப் பன்றிக்குப் போட்டால் பட்டி மொத்தமும் செத்துப்போகலாம். அக்கம்பக்கத்தில் பன்றி வளர்ப்பவர் இருந்தால் இது நம்மோடு முடிகிற விஷயம் இல்லை.

வெஸ்டர்ன் கேப்பாக இருந்தால் நான் கூண்டைத்தான் முதலில் வைப்பேன். அங்கே கூட்டத்தோடு அகற்றுவதே வேலை. வீட்டுப் பன்றி இனம் வருடத்தில் இரண்டு முறைகூடக் குட்டி போடும், ஒவ்வொன்றாகச் சுட்டுத் தீராது. புஷ்பிக் பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு ஈற்று, மூன்று நான்கு குட்டி. நம் பக்கம் ஒரு கூட்டத்தை அகற்றினால் பள்ளத்தின் அடுத்த வளைவில் இருப்பது அந்த இடத்துக்கு வந்துவிடும். கூண்டு ஒரு பருவத்தைக் காப்பாற்றும், அதற்கு மேல் இல்லை.

வேலியில்தான் நான் கடைசியில் வந்து நின்றேன். முள்கம்பி எதற்கும் ஆகாது, அடியில் மண்ணைத் தோண்டி நுழைந்துவிடும். மின்வேலி வேண்டும், அதுவும் தாழ்வாக. தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் ஒரு கம்பி, 45 செ.மீ.யில் இன்னொன்று. பன்றி எதையும் ஈர மூக்கால்தான் தொட்டுப்பார்க்கும். மூக்கில் அடி பட்டால் பின்வாங்கும். கம்பி உயரமாக இருந்து காதுக்குப் பின்னால் பட்டால், பதறி முன்னால் பாய்ந்து வேலியை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். முதல் வருடம் நாங்கள் செய்த தவறு அதுதான், மாட்டுக்குப் போடுகிற உயரத்தில் போட்டோம்.

அடுத்தது பூமி இணைப்பு. ஜூன், ஜூலையில் மண் காய்ந்து கிடக்கும்போது மின்சாரம் பன்றியின் காலடி வழியாகத் திரும்பாது, அடி வலுவில்லாமல் போகும். கரும்பு முற்றி நிற்பதும் அதே மாதங்கள்தான். இரும்புக் கம்பிகளை ஆழமாக, ஈரம் நிற்கும் இடமாகப் பார்த்து இறக்க வேண்டும். கம்பியில் 4000 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் நான் அந்த இரவு தூங்கமாட்டேன். புல் வளர்ந்து கீழ்க்கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குள் கசிந்துவிடும், ஆகவே வாரம் ஒருமுறை வேலியடியில் புல் வெட்டுவது கட்டாயம். லோட்ஷெட்டிங் என்கிற மின்வெட்டு நாட்களில் வீட்டு மின்சாரத்தை நம்பியிருந்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தபிறகு நாங்கள் சோலார் பலகையும் பேட்டரியும் வைத்தோம். பலகை திருடு போகிற ஊர் இது, ராத்திரி கொட்டகைக்குள் எடுத்து வைத்துவிடுவோம். வெட்டுக்கு முன் கரும்பைக் கொளுத்தும் நாளில் கம்பி இழை பின்னிய பிளாஸ்டிக் வேலிக் கயிற்றைச் சுருட்டி எடுக்க மறந்தால் உருகிவிடும்.

இந்த வேலிக்கு ஒரு பாவமும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். தாழ்ந்த கம்பியில் ஆமையும் உடும்பும் மாட்டிச் சாகும். ஆமை அடி பட்டதும் ஓட்டுக்குள் ஒடுங்கும், அங்கேயே நிற்கும், அடி திரும்பத் திரும்ப விழும். எறும்புத்தின்னி கம்பியைச் சுற்றிச் சுருண்டுகொள்ளும். இந்த நாட்டில் இப்படிச் செத்தவை ஏராளம். ஆமையும் உடும்பும் பகலில் நடமாடுபவை. அதனால் விடிந்ததும் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறோம், இருட்டிய பிறகுதான் போடுவது. எறும்புத்தின்னி இரவில் திரிவது, அது இருக்கும் பக்கத்துக்கு இந்த ஏற்பாடு போதாது.

பரண் கட்டிக் காவல் இருப்பது நம் பழைய வழி. காவடி நாளில் வள்ளி தினைப்புனம் காத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சேம்பு போட்ட கால் ஏக்கருக்கு இரண்டு வாரம் ஆள் வைத்துக் காக்கலாம். பன்னிரண்டு, பதினெட்டு மாதம் நிற்கும் கரும்புக்கு எத்தனை இரவு உட்காருவது? ரேடியோ, மினுக்கும் விளக்கு, மிளகாய்ப் புகை எல்லாம் சில நாள் வேலை செய்யும், பன்றிக்குப் பழகியதும் தீர்ந்தது. சுருக்குக் கம்பியும் விஷமும் என் கணக்கிலேயே வராது. இரண்டும் குற்றம், டுய்கர், புஷ்பக் என்கிற மான்கள்தான் முதலில் சாகும்.

வேலி போட்ட பிறகு எங்கள் ஓரம் அமைதியானது. ஆனால் பன்றி பட்டினி கிடக்கவில்லை. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கோகோ, ஜூலு பாட்டிகளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், மதும்பி என்கிற சேம்புக் கிழங்கும் சர்க்கரைவள்ளியும் போட்டிருந்தார். அங்கே போய்விட்டது. எங்கள் வேலிதான் அதை அங்கே அனுப்பியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு எங்கள் மின்வேலிக் கருவியிலிருந்தே கம்பியை நீட்டி அவர் தோட்டத்தையும் சுற்றி வளைத்தோம். பேட்டரி எங்கள் கொட்டகையில். அந்தப் பக்கம் புல் வெட்டுவது அவர் பேரன்.