மகளுக்கு என் பெயரா, குடும்பப் பெயரா?

மகளுக்குப் பெயர் தேர்ந்தெடுக்க எங்களுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதோடு எதைச் சேர்ப்பது என்று முடிவெடுக்கத்தான் எட்டு மாதம் ஆனது. வழக்கப்படி என் பெயரைக் கொடுப்பது ஒரு வழி. என் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக நிறுத்தி, மகளும் அவளுக்குப் பின் வருகிறவர்களும் அதையே வைத்துக்கொள்வது இன்னொரு வழி. இது என் மைத்துனர் சொன்ன யோசனை. அவர் வீட்டில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். நாங்கள் முதல் வழியில் போனோம்.

குடும்பப் பெயரின் வசதி கண்கூடு. வீட்டில் எல்லாருக்கும் ஒரே பெயர், எந்தப் படிவத்திலும் கட்டம் காலியாக நிற்காது. ஆனால் உலகம் முழுக்க ஆதியிலிருந்தே இருந்த ஏற்பாடு இல்லை அது. தாய்லாந்தில் 1913இல் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார்கள். துருக்கியில் 1934இல். முஸ்தபா கெமாலுக்கு ‘துருக்கியரின் தந்தை’ என்று பொருள்படும் அத்தாதுர்க் என்ற பெயர் கிடைத்ததே அந்தச் சட்டத்தை ஒட்டித்தான். நம்மிடம் அந்த இடத்தில் பெரும்பாலும் சாதிப் பட்டம் உட்கார்ந்திருந்தது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு அதை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அந்த இடம் காலியானதில் எனக்குப் பெருமைதான். அங்கே தாத்தா பெயரை வைப்பது தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் நாலாவது தலைமுறைக்கு அவர் யாரென்றே தெரியாது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

தந்தை பெயர் அப்படியில்லை, கூடவே இருக்கிற ஓர் உறவைச் சொல்கிறது. ஐஸ்லாந்துக்காரர்கள் இதை இன்றும் விடவில்லை. 1980இல் அந்த நாட்டின் குடியரசுத் தலைவரான விக்டிஸ் ஃபின்போகாடோட்டிரின் பெயருக்கு, ஃபின்போகியின் மகள் விக்டிஸ் என்று பொருள். 1925இலேயே, புதிதாகக் குடும்பப் பெயர் சூட்டிக்கொள்வதற்கு அங்கே சட்டத்தடை வந்துவிட்டது. தாயின் பெயரைச் சேர்த்துக்கொள்வதும் உண்டு. மலேசியத் தமிழர்களின் ஏ/எல், ஏ/பி என்பவையும் ‘இன்னாரின் மகன், இன்னாரின் மகள்’ என்பதற்கான மலாய்ச் சுருக்கங்கள்தான்.

நம் முறையின் அழகுக்கு நான் எப்போதும் காட்டுவது ஒரு குடும்பத்தை. 1930இல் நோபல் பரிசு பெற்றவர் சி. வி. ராமன். 1983இல் பெற்றவர் அவருடைய அண்ணன் மகன் சுப்ரமணியன் சந்திரசேகர். பெயரை மட்டும் பார்க்கிற வெளிநாட்டவருக்கு இவர்கள் சித்தப்பாவும் மகனும் என்று தெரிய வழியில்லை. நமக்குத் தெரியும். ராமனின் ‘சி’ அவருடைய அப்பா சந்திரசேகரன். அண்ணன் சுப்ரமணியன், தன் மகனுக்கு அப்பா பெயரை வைத்தார். பெயரைத் தாங்குகிறவன் பெயரன், அதுதான் பேரன். ஆக, ‘சுப்ரமணியன் சந்திரசேகர்’ என்ற இரண்டே சொல்லில் தாத்தா, அப்பா, மகன் மூவரும் இருக்கிறார்கள். எந்தக் குடும்பப் பெயரும் இதைச் செய்யாது.

சரி, அப்படியானால் எட்டு மாதம் எதற்கு யோசித்தோம்? காகிதங்களுக்காகத்தான். என் பட்டச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் இனிஷியல் எடுபடாது, விரித்து எழுத வேண்டும். விரித்தேன். அப்புறம் ஒரு வேலைக்காக இரண்டையும் நீட்டியபோது, இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கிவரச் சொன்னார்கள். என் மனைவியின் நிலை வேறு. அவர் பாஸ்போர்ட்டில் சொந்தப் பெயர் மட்டும்தான், குடும்பப் பெயர்க் கட்டம் காலி. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிக்க முடியாது என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் பதிவாகியிருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். அந்தச் சில நாட்களில் வீட்டில் இருந்த பதற்றம் எனக்கு மறக்காது.

ஆனால் யோசித்துப் பார்த்தால், இவை எதுவும் தந்தை பெயரால் வந்த சிக்கல் இல்லை. அதை ஓர் இடத்தில் ஒற்றை எழுத்தாக, ஓர் இடத்தில் முழுதாக, ஓர் இடத்தில் எழுதாமலே விட்டதால் வந்தது. அதனால் மகளின் பிறப்புச் சான்றிதழிலேயே அவள் பெயரையும் என் பெயரையும் முழுதாக எழுதிவிட்டோம். குழந்தையின் பெயரைப் பதிய 12 மாதம் வரை கட்டணம் கிடையாது என்பதால் எழுத்துக்கூட்டலை நிதானமாகப் பார்க்க முடிந்தது. ஆங்கில எழுத்தில் என் பெயர் என் பாஸ்போர்ட்டில் எப்படியோ, அவளுடையதிலும் அப்படியே. ஆதாரும் அதே. பள்ளியில் இனிஷியலாகச் சுருக்கிவிடாதீர்கள் என்று எழுதியே கொடுத்தோம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் வெளிநாட்டில் வாழ்ந்தவர்கள் இல்லை. அங்கே வகுப்பில் மகளை என் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அப்பா, அம்மா, பிள்ளை மூவருக்கும் வெவ்வேறு பெயர் இருப்பதை ஒவ்வொரு இடத்திலும் விளக்க வேண்டியிருக்கும் என்கிறார் மைத்துனர். அவர் பதினோரு வருடம் அங்கே இருந்தவர், அந்த அனுபவத்தோடு நான் மல்லுக்கு நிற்க முடியாது. அங்கேயே குடியேறுகிறவர்களுக்கு அவர் வழி பொருத்தமாக இருக்கலாம். அம்மா பெயர் ஏன் இல்லை என்று மகள் நாளைக்குக் கேட்டால் என்னிடம் நல்ல பதிலும் இல்லை. இரண்டாவது பிள்ளை வந்தால் அம்மா பெயர்தான் என்று இப்போதே பேசி வைத்திருக்கிறோம்.