ஒன்று தங்க வேண்டும், ஒன்று கிளம்ப வேண்டும்: ஓசெம்பிக், ஃபோர்டியோ பென் ஊசிகள்

இரண்டுமே பெப்டைடு மருந்துகள், அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிகள். இரண்டையும் தோலுக்கடியில் நாமே போட்டுக்கொள்ளலாம். ஒற்றுமை அதோடு சரி. ஓசெம்பிக்கில் உள்ள செமாக்ளூடைட் டைப் 2 சர்க்கரை நோய்க்கு. ஃபோர்டியோவில் உள்ள டெரிபாரடைட் முறியும் அளவுக்கு எலும்பு மெலிந்தவர்களுக்கு.

செமாக்ளூடைடில் இணைத்த கொழுப்பு அமிலச் சங்கிலி ரத்தத்தின் ஆல்புமின் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ளும். பாதி மருந்து வெளியேறவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால்தான் வாரம் ஓர் ஊசி. டெரிபாரடைட், உடலின் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோனின் 84 அமினோ அமிலங்களில் முதல் 34. இதில் பாதி மருந்து வெளியேறும் நேரம் (அரை ஆயுள்) சுமார் ஒரு மணி நேரம். இதைக் குறையாக எண்ண வேண்டாம். அந்த ஹார்மோன் ஓயாமல் உயர்ந்திருந்தால் எலும்பு கரையும். ஏறிய வேகத்தில் இறங்கினால்தான் எலும்பு வளரும். தினமும் 20 மைக்ரோகிராம் என்பதன் கணக்கு இதுதான்.

தொல்லைகளும் இதையொட்டியே வரும். செமாக்ளூடைடின் முதல் 4 வாரத்து 0.25 மில்லிகிராம் வயிற்றைப் பழக்குவதற்கு மட்டுமே, சர்க்கரை பெரிதாக இறங்காது. பொறுமையிழந்து அளவைக் கூட்டினால் குமட்டல், வாந்தி. மருந்து தங்கும் ரகம் என்பதால் அவை சட்டென விலகாது. டெரிபாரடைடில் முதல் சில ஊசிகளுக்குப் பின் எழுந்து நிற்கையில் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். உட்காரவோ படுக்கவோ வசதியான இடத்தில் போடுங்கள்.

கையாள எளிது ஓசெம்பிக்தான். பயன்படுத்தத் தொடங்கிய பென் 30 டிகிரிக்குள் வெளியிலேயே 56 நாள் தாங்கும். ஃபோர்டியோவுக்கு எப்போதும் 2 முதல் 8 டிகிரி வேண்டும். 28 நாள் முடிந்ததும் மருந்து மிச்சமிருந்தாலும் அகற்றிவிட வேண்டும். உறைந்துபோனால் இரண்டுமே வீண். ஊசிமுனையை மாட்டியபடி வைத்தால் மருந்து கசியும், காற்றுக் குமிழி புகும். புதிய ஓசெம்பிக் பென்னில் ஒருமுறை சொட்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஃபோர்டியோவில் அது தேவையில்லை, இன்சுலின் பழக்கத்தில் செய்து மருந்தை வீணாக்காதீர்கள்.

தவறவிட்ட ஓசெம்பிக்கை 5 நாளுக்குள் போடலாம். ஃபோர்டியோவை அன்றைக்குள் போடலாம். ஒரே நாளில் இரண்டு ஃபோர்டியோ ஊசி கூடாது.

எலும்பில் புற்றுநோய் பரவியவர்களுக்கும், எலும்பில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்களுக்கும் டெரிபாரடைட் ஆகாது. மெடுல்லரி என்ற வகைத் தைராய்டு புற்றுநோய் தமக்கோ குடும்பத்திலோ இருந்தால் செமாக்ளூடைட் ஆகாது. டெரிபாரடைடைப் பொதுவாக 2 ஆண்டோடு நிறுத்துவார்கள். உடனே எலும்புச் சிதைவைத் தடுக்கும் வேறு மருந்துக்கு மாறாவிட்டால், சேர்ந்த அடர்த்தி கரையத் தொடங்கும்.