ஸ்கிரீன் இல்லாத பென் டேப்லெட்: 5 மாதம் வரைந்த பிறகு

வாங்கிய நாலாம் நாளே திருப்பி அனுப்புவதற்காக இந்த பென் டேப்லெட்டை, அதாவது பேனாவால் மேலே வரைந்தால் கோடு லேப்டாப் திரையில் வரும் பலகையை, பெட்டிக்குள் வைத்து டேப் ஒட்டிவிட்டேன். மறுநாள் எடுத்துப் போக ஆள் வருவதற்குள் அந்த டேப்பைப் பிரித்தவள் என் தங்கை. அவள் செய்தது ஒன்றுதான். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, "இப்ப வரைஞ்சு பாருண்ணா" என்றாள். மூன்று நாளாக நடுங்கிக்கொண்டிருந்த கோடு அப்போது நேராக வந்தது.

நான் தலைப்பு எழுத்து வரைகிறவன். கல்யாணப் பத்திரிகை, கடை போர்டு, கோயில் விழா மலர் அட்டை, இப்படி. பல வருடமாக பிரஷ், இந்தியன் இங்க், அப்புறம் ஸ்கேன் செய்து மவுஸால் ஓரம் பிடிப்பது என்றே ஓடியது. அந்த மவுஸ் வேலையை ஒழிக்கத்தான் இதை வாங்கினேன். வரையும் பரப்பு 10 அங்குலத்துக்கு 6.25 அங்குலம், பேனாவில் 8192 அழுத்த நிலைகள், பேனாவைச் சாய்த்தால் அதையும் உணரும், விலை எனக்கு 5,000 ரூபாய்க்குள் முடிந்தது. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இந்த விலையில் கிடைக்கும் பெரும்பாலானவை ஏறக்குறைய இதே அளவு, இதே பேனா, இதே தொல்லைகளோடுதான் வருகின்றன.

முதலில் அந்த நடுக்கம். மெதுவாகச் சாய்கோடு போட்டால் கோடு சிறு சிறு அலையாக வரும், வேகமாகப் போட்டால் தெரியாது. ஸ்கேல் வைத்துப் போட்டபோதும் அலை வந்ததால் தப்பு கையில் இல்லை என்று புரிந்தது, ஆனால் டேப்லெட்டே கெட்டுப்போய் வந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். பேனாவில் பேட்டரி கிடையாது. பலகைக்குள் இருக்கும் கம்பிச்சுருள்கள் ஒரு காந்தப்புலத்தை எழுப்புகின்றன, பேனாவுக்குள் இருக்கும் சின்னச் சுருள் அதிலிருந்தே சக்தி வாங்கி ஒரு சிக்னலைத் திருப்பி அனுப்புகிறது, அதை வைத்துத்தான் பேனா எங்கே இருக்கிறது என்று பலகை கணக்குப் போடுகிறது. அந்தச் சிக்னல் ரொம்ப மெல்லியது, பக்கத்தில் மின் இரைச்சல் இருந்தால் கலங்கிவிடும். என் லேப்டாப் சார்ஜர் மூன்று பின் கொண்டது, நான் அதை இரண்டு பின் கன்வர்ட்டர் போட்டுச் சொருகியிருந்தேன், அதனால் எர்த் இல்லை. லேப்டாப்பின் உலோக ஓரத்தைத் தொட்டால் லேசாக விர்ரென்று ஒரு கூச்சம் இருக்குமே, அதே ஆள்தான். எர்த் உள்ள மூன்று பின் சாக்கெட்டுக்கு மாற்றியதும் சார்ஜர் போட்டபடியே வரைய முடிகிறது. கோடு நடுங்கினால் முதலில் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், அப்புறம் யூஎஸ்பி ஹப் வழியாக இணைத்திருந்தால் அதை விட்டு லேப்டாப்பிலேயே நேராகச் சொருகிப் பாருங்கள். டேப்லெட்மேல் பழி போடுவதெல்லாம் அதற்கப்புறம்.

அடுத்தது எனக்கு இன்னும் முக்கியமான விஷயம், இது பலருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. காகிதத்தில் பிரஷால் எழுதி வைத்திருந்த ஒரு 'ழ' எழுத்தை டேப்லெட்மேல் வைத்து, பேனாவால் அதன்மேலேயே ஓட்டினேன். (காகிதம் இடையில் இருந்தாலும் பேனா வேலை செய்யும்.) திரையில் வந்த 'ழ' கொஞ்சம் குண்டாக இருந்தது. சுழி வட்டமாக இல்லாமல் பக்கவாட்டில் நீண்டு நின்றது. காரணம் எளிய கணக்கு. என் மானிட்டர் 16க்கு 9, டேப்லெட் 16க்கு 10. முழுப் பலகையும் முழுத் திரைக்கு என்று டிரைவர் (டேப்லெட்டை லேப்டாப்போடு பேசவைக்கும் மென்பொருள்) தானாகவே விரித்து வைத்துவிடுகிறது, அதனால் எல்லாமே சுமார் 11 சதவீதம் அகலமாகிறது. மலையோ மரமோ வரைகிறவர் இதைக் கவனிக்காமலே வருடக்கணக்கில் ஓட்டலாம். தமிழ் எழுத்தில் முடியாது, நமக்குச் சுழிதானே எல்லாம், அது கெட்டால் எழுத்தே கெட்டது. டிரைவர் அமைப்பில் விகிதத்தைத் திரைக்கு ஏற்ப வைக்கும் ஒரு வசதி இருக்கும், அதைப் போட்டால் பலகையின் உயரத்தில் 16 மில்லிமீட்டர் அளவு ஒரு பட்டை பயன்படாமல் போகும், போகட்டும். அதற்குப் பிறகு அதே காகிதத்தை வைத்து ஓட்டினேன், திரையில் வந்தது என் 'ழ'.

அழுத்தம் வேலை செய்யவில்லை, கோடு ஒரே தடிமனாக வருகிறது என்பது எல்லோருக்கும் வரும் புகார். கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் அமைப்புகளுக்குள் டேப்லெட் பகுதிக்குப் போனால், பேனா சொல்வதை விண்டோஸில் வாங்கிக்கொள்ள விண்டேப், விண்டோஸ் இங்க் என்று இரண்டு வழிகள் இருக்கும், ஒன்றில் வராவிட்டால் மற்றதுக்கு மாற்றி, மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். அங்கேயே சோதித்துப் பார்க்க ஒரு கட்டமும் உண்டு, அதில் கிறுக்கினால் அழுத்தம் எண்ணாக ஓடுவது தெரியும். பேனாவை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் திரையில் ஒரு வளையம் சுற்றி வந்து தொந்தரவு செய்யும், அது விண்டோஸில் 'அழுத்திப் பிடித்தால் ரைட் கிளிக்' என்னும் வசதி, அணைத்துவிடலாம். முன்பு வேறு டேப்லெட் வைத்திருந்தீர்கள் என்றால் அதன் டிரைவரை முழுதாக நீக்கிவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும், இரண்டும் ஒன்றாக இருந்தால் மல்லுக்கட்டும். மேக்கில் பேனாவே அசையவில்லை என்றால் தனியுரிமை அமைப்பில் டிரைவருக்கு அனுமதி கொடுத்தோமா என்று பார்க்க வேண்டும்.

சரி, இதெல்லாம் ஒரு சாயங்காலத்தில் தீர்ந்துவிடும். கை பழகுவதுதான் தீராத மாதிரி இருந்தது. கை மேசையில், கண் திரையில். முதல் வாரம் முழுக்க ஒரு கோடு முடிந்த இடத்தில் அடுத்த கோட்டைத் தொடங்கவே முடியவில்லை, கண் தேடும் புள்ளிக்கு ஒரு விரல் தள்ளித்தான் பேனா போய் இறங்கும். எனக்கு உதவியவை இரண்டு. ஒன்று, மவுஸை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, மெயில் பார்ப்பது, ஃபைல் திறப்பது எல்லாவற்றையும் இந்தப் பேனாவாலேயே செய்தேன். இரண்டு, கோலம். திரையில் 7க்கு 7 புள்ளி வைத்து தினமும் இருபது நிமிடம் சிக்குக் கோலம் போட்டேன், கோடு புள்ளியைச் சுற்றி வளைந்து கிளம்பிய இடத்துக்கே வந்து சேர வேண்டும் அல்லவா, அதனால் கண்ணும் கையும் ஒன்றையொன்று தேடிப் பழகிக்கொண்டன. பலகையைக் கோணலாகத் திருப்பி வைத்துக்கொண்டு வரையாதீர்கள், மானிட்டருக்கு நேராக, அதே கோணத்தில் இருக்க வேண்டும், கொஞ்சம் திரும்பியிருந்தாலும் படுக்கைக் கோடெல்லாம் சரிந்துவிடும். மூன்றாவது வாரம் ஒரு நாள் கையைப் பற்றி யோசிக்காமலே அரை மணி நேரம் வரைந்திருந்தேன் என்று பிறகுதான் உறைத்தது. கடைகள் திருப்பி வாங்கும் கெடு பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள்தான், அதாவது கை இன்னும் பழகாத நேரத்திலேயே நாம் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கெடுவுக்குள் சாதனம் ஒழுங்காக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், வரைய வருகிறதா என்று பார்க்காதீர்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. பரப்பு காகிதம் மாதிரி சொரசொரப்பாக இருப்பது வரைய நன்றாக இருக்கிறது, ஆனால் அது நிப்பை, அதாவது பேனாவின் மாற்றக்கூடிய முனையை, தின்கிறது. ஐந்து மாதத்தில் நாலு நிப் தேய்ந்துவிட்டது. ஒரு பக்கமாகத் தேய்ந்து உளி மாதிரி ஆனதும் அந்தக் கூரான ஓரம் பலகையில் கீறல் போடும், எனக்கு நடுவில் ஒரு கீறல் விழுந்துவிட்டது, இப்போது பேனா அதைக் கடக்கும்போதெல்லாம் விரலில் தெரிகிறது. ஓரத்தில் உள்ள எட்டு பட்டன்களும் ஒரே மாதிரி இருப்பதால் பார்க்காமல் அழுத்த முடியாது, நான் இரண்டாவது பட்டனில் மட்டும் ஒரு சின்ன டேப் துண்டை ஒட்டி அதை அன்டூவுக்கு (கடைசியாகப் போட்டதை அழிக்க) வைத்திருக்கிறேன். நடுக்கத்துக்கு வாடிக்கையாளர் சேவையில் கேட்டபோது டிரைவரை மறுபடி போடச் சொன்னார்கள், மூன்று முறையும் அதே பதில். சார்ஜரைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தால் பெட்டி கட்டும் வேலையே வந்திருக்காது.

எழுத்து வரைகிறவர்கள், முழங்கையிலிருந்து நீளமாகக் கோடு இழுக்கிறவர்கள் 10 அங்குலத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். சின்ன அளவில் மணிக்கட்டு மட்டும்தான் அசையும், வளைவு துண்டு துண்டாக வரும். போட்டோ திருத்த, கணக்குப் பாடம் எடுக்க மட்டும் என்றால் 6 அங்குலம் தாராளம். ஆர்டர் போடும்போது அந்த மாடலுக்கான நிப் பாக்கெட் ஒன்றையும் சேர்த்தே போட்டுவிடுங்கள், தனியாகத் தேடியபோது எனக்குக் கிடைக்க மூன்று வாரம் ஆனது.