ஜோத்பூர் ராவ் ஜோதா பாறைப் பூங்கா: சீமைக்கருவையோடு மல்லுக்கட்டுகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம்

ஜோத்பூர் போகிறவர்கள் மெஹ்ரான்கர் கோட்டையைச் சுற்றிவிட்டு ஆட்டோ ஏறிவிடுகிறார்கள். கோட்டைக்கு அடியிலேயே இருக்கும் ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்காவுக்கும் ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கத்து ஆட்கள் என்றால் கட்டாயம் போக வேண்டும்.

காரணம் சீமைக்கருவை. முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் அதை வெட்டுவதும் அது தழைப்பதுமாகவே காலம் ஓடுகிறது. 2017-இல் உயர் நீதிமன்ற உத்தரவு வந்தபோது ஜேசிபி வைத்துப் பிடுங்கினார்கள். அடுத்த மழைக்கே முளைத்து நின்றது. ஜோத்பூரிலும் அதே மரம்தான், பாவ்லியா என்கிறார்கள். 1930-களில் மகாராஜா உமைத் சிங் விமானத்திலிருந்து விதை தூவச் செய்தாராம். கோட்டையைச் சுற்றிய பாறை நிலம் முழுக்க அது பிடித்துக்கொண்டது.

2006-இல் மெஹ்ரான்கர் அருங்காட்சியக அறக்கட்டளைக்காக இந்த நிலத்தை மீட்கும் வேலையில் இறங்கினார் மரங்களை நன்கறிந்த பிரதீப் கிருஷன். சுமார் 70 ஹெக்டேர். மேலே வெட்டினால் மரம் மறுபடி துளிர்க்கும். வேரை எடுக்கலாம் என்றால் அது இறங்கியிருப்பது ரயோலைட் எனும் கடினமான எரிமலைப் பாறைக்குள். கடைசியில் கைகொடுத்தவர்கள் கந்த்வாலியாக்கள், தலைமுறை தலைமுறையாக மணற்கல் உடைக்கும் உள்ளூர்ச் சமூகத்தினர். சுத்தியலால் பாறையைத் தட்டி, எழும் சத்தத்தை வைத்தே உள்ளே விரிசல் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்து, உளியால் ஒன்றரை அடி ஆழம்வரை குடைந்து அடிவேரை எடுத்தார்கள். வேர் கிடந்த குழியிலேயே இந்த மண்ணின் செடியை நட்டார்கள். எனக்கு இதுதான் பெரிய விஷயம். நம்மூரில் பிடுங்கியதோடு வேலை முடிந்துவிடுகிறது, குழி காலியாகக் கிடக்கிறது. காலி இடத்தில் முதலில் வந்து உட்காருவது சீமைக்கருவைதான்!

2011-இல் பூங்காவைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். சிங்கோரியா போல் என்ற பழைய நகர வாசலில்தான் பார்வையாளர் மையம். அங்கேயே டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம். உள்ளே வண்ணம் பிரித்த நடைபாதைகள் உண்டு. மழைநீர் போக வெட்டிய பழைய கால்வாய்க்குள் இறங்கி நடக்கும் பாதையைத் தேர்ந்தெடுங்கள். இரு பக்கமும் பாறைச் சுவர், இடுக்குகளில் செடிகள், தலைக்கு மேல் கோட்டை.

வழிகாட்டிக்குத் தனிக் கட்டணம். தயங்காமல் கொடுங்கள், அவர் இல்லாமல் போனால் வெறும் முட்புதராகத்தான் தெரியும். எங்களோடு வந்த உள்ளூர்த் தம்பி தோர் கள்ளியையும், கோந்து தரும் குமட்டியாவையும், ஊறுகாய் போடும் கேர் காய்ப் புதரையும் நின்று நிதானமாகக் காட்டினார். பூயி என்று அவர் காட்டிய வெள்ளைப் பூச்செடி, பொங்கலுக்கு நாம் வீட்டில் செருகும் சிறுபீளைக்கு அக்கா முறை. பேசிக்கொண்டே நடந்தவர் சட்டென்று குனிந்து விரல்நீளச் சீமைக்கருவைக் கன்று ஒன்றை வேரோடு உருவிப் போட்டார். சுற்றுவட்டாரத்திலிருந்து விதை வந்துகொண்டே இருக்குமாம். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் எங்கள் கண்மாயும் பிழைக்கும் என்று பட்டது.

பெரிய நிழல் மரங்களை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இது பாறைப் பாலை. அதன் அழகு வேறு. பச்சை பார்க்க ஆகஸ்ட், செப்டம்பர். வெயில் தாங்காதவர்களுக்கு டிசம்பர், ஜனவரி. எப்போது போனாலும் காலையில் போங்கள். செருப்பு வழுக்கும், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் அவசியம். அப்புறம், கந்த்வாலியாக்கள் குடைந்த குழி ஒன்றைக் காட்டச் சொல்லி வழிகாட்டியிடம் கேளுங்கள். ஊராட்சி மன்றத்தில் இருப்பவர் யாராவது உங்களோடு வந்தால் அவரை அந்தக் குழிக்குப் பக்கத்தில் நிறுத்திக் கொஞ்ச நேரம் பேசவிடுங்கள்.