ஏறிப் போனால் முருகன், இறங்கிப் போனால் சிவன்

மலேசியாவின் பத்துமலை, உத்தராகண்டின் பாதாள் புவனேஷ்வர். இரண்டுமே சுண்ணாம்புப் பாறைக் குகைகள், இரண்டும் கோயில்கள். ஒற்றுமை அத்தோடு சரி.

பத்துமலைக்குப் போவது சுலபம். கோலாலம்பூர் சென்ட்ரலில் கம்யூட்டர் ரயில் ஏறினால் மலையடியிலேயே இறங்கலாம். 42.7 மீட்டர் உயர முருகனைத் தாண்டி 272 படிகள். தேங்காய்ப் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு போகாதீர்கள், குரங்கு பிடுங்கிவிடும். மேலே மண்டபம் போல விரிந்த குகை. கூரைத் திறப்பு வழியாக வெளிச்சம் கொட்டும். தைப்பூசத்தன்று மட்டும் இந்த அமைதியை எதிர்பார்க்க வேண்டாம்.

பாதாள் புவனேஷ்வர் வேறு ரகம். ரயில் மலையடிவாரம் வரைதான். அப்புறம் பல மணி நேரம் வளைந்து வளைந்து ஏறும் சாலை. வாசல் ஒரு ஆள் உடலைக் குறுக்கி நுழையும் பொந்து. இரும்புச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, ஈரப் பாறையில் கால் துழாவி இறங்க வேண்டும். உள்ளே, சுண்ணாம்பு கரைந்த நீர் சொட்டிச் சொட்டி வளர்ந்த பாறைகளைக் காட்டி, இது ஆதிசேஷன், இது சிவனின் சடை என்பார்கள். நம்பிக்கை இல்லாதவருக்கும் சடை சடையாகத்தான் தெரியும்! படம் எடுக்க முடியாது, அதுவும் நல்லதுதான்.

வயதான அம்மா அப்பாவோடு என்றால் பத்துமலைதான். படியில் உட்கார்ந்து உட்கார்ந்தாவது ஏறலாம். இடுக்கில் மூச்சு முட்டுபவர்களும் பாதாளத்தைத் தவிர்க்கலாம். குகையைக் குகையாகவே பார்க்க ஆசையா? எனக்குப் பாதாள் புவனேஷ்வர்.