கத்தி வைத்த முழங்காலும் வைக்காத முழங்காலும்

போன ஆவணியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இரண்டு கெட்ட முழங்கால்கள் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்தன. ஒன்று என்னுடையது. பதினொரு வருடத்துக்கு முன்னர் வடமராட்சியில் ஒரு கரப்பந்தாட்டப் போட்டியில் துள்ளி அடித்துவிட்டுக் கீழே இறங்கும்போது போனது. மற்றது, நல்லூர்த் திருவிழாவுக்குச் சுவிசில் இருந்து வந்திருந்த மச்சானுடையது. மாசி மாதம் கிரின்டெல்வால்டில் பனிச்சறுக்கில் விழுந்து போனது. இரண்டிலும் அறுந்தது ஒரே நார்தான்: முழங்காலின் நடுவில் குறுக்கே ஓடும் முன் சிலுவைத் தசைநார். ஸ்கான் அறிக்கையில் ஏ.சி.எல். என்று எழுதியிருப்பார்கள். என் காலில் கத்தி படவில்லை. அவனுக்குப் பங்குனிக் கடைசியில் சத்திரசிகிச்சை நடந்தது. வந்து போன சொந்தக்காரர் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எது நல்லம், வெட்டினதோ வெட்டாததோ?"

அவனும் நானும் ஒரு மாதமாக இதைத்தான் கதைத்துக்கொண்டிருந்தோம்.

மச்சான் விழுந்த கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். பெரிய மலையும் இல்லை, பெரிய வேகமும் இல்லை. மகள் பள்ளிக்கூடத்து ஸ்கீ முகாமுக்குப் போகிறாள் என்று நாற்பது வயதுக்குப் பிறகு தானும் பழகத் தொடங்கியவன். பொழுதுபடப் போகிற நேரம், கால் களைத்து, கிட்டத்தட்ட நின்றுவிட்ட வேகம். "விழப்போறன் எண்டு தெரிஞ்சுது, அப்பிடியே குந்திடுவம் எண்டு பாத்தன்" என்றான். அந்தக் குந்தல்தான் வினை. பாரம் பின்னுக்குப் போய் இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கும்போது பள்ளத்துப் பக்கக் காலின் ஸ்கீப் பலகை தன் உள்விளிம்பால் பனியைக் கவ்விக்கொள்ளும். காலுக்குப் பின்னால் நீண்டிருக்கும் பலகை அலவாங்கு மாதிரி வேலை செய்து காலைத் திருப்பும். தடித்த சப்பாத்துக்குள் கணுக்கால் அசையாது. ஆகவே திருகல் முழுவதும் முழங்காலில் போய் இறங்கும். இதை ஆராய்ந்த வெர்மான்ட் ஆய்வாளர்கள், பின்னுக்கு நீண்ட அந்தப் பலகையை இல்லாத இன்னொரு பாதமாகப் பார்த்து, பேய்ப் பாதம் என்று சொல்லக்கூடிய ஒரு பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். சப்பாத்தைப் பலகையோடு பிடித்து வைத்திருக்கும் பூட்டு விழும்போது கழன்றுகொள்ள வேண்டும். ஆனால் அது கீழ்க்கால் எலும்பைக் காப்பாற்றச் செய்த பூட்டு. இந்தத் திருகல் அதற்குச் சரியாகப் பிடிபடாது. மச்சானின் எலும்பில் ஒரு கீறலும் இல்லை.

எனக்கு மணல், அவனுக்குப் பனி. மற்றபடி இருவருக்கும் 'டொக்' என்ற அதே சத்தம், இரண்டு மணித்தியாலத்துக்குள் தேங்காய் மாதிரி அதே வீக்கம். சத்தமும் உடனடி வீக்கமும் சேர்ந்து வந்தால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று அர்த்தம். அதைச் சுளுக்கு என்று விட்டுவிடக் கூடாது. நான் விட்டேன்.

பரியாரியா, பெரியாஸ்பத்திரியா

அடுத்த நாள் என்னை முறிவு நெரிவு பார்க்கும் ஒரு பரியாரியிடம் கொண்டு போனார்கள். எண்ணெய் போட்டு நன்றாக உருவினார், பத்துப் போட்டுக் கட்டினார், மூன்று கிழமை அவிழ்க்க வேண்டாம் என்றார். அன்றிரவு நோ உச்சந்தலைக்கு ஏறியது. மூன்று கிழமை கழித்துக் கட்டை அவிழ்த்தபோது கால் நிமிரவில்லை, தொடை பாதியாகியிருந்தது.

இதைச் சொன்னால் ஊரில் பாதிப்பேர் சண்டைக்கு வருவார்கள். "என்ர மாமாவுக்கு அங்கதானே சுகம் வந்தது" என்பார்கள். மாமாவுக்குச் சுகம் வந்தது பொய்யில்லை. முழங்காலின் உட்பக்க ஓரத்தில் இன்னொரு நார் இருக்கிறது, எம்.சி.எல். என்பார்கள். ஸ்கீ பழகத் தொடங்குகிறவர்கள் அதிகமாகக் கெடுத்துக்கொள்வது அதைத்தான். அது மூட்டுக்கு வெளியே, இரத்த ஓட்டம் உள்ள இடத்தில் இருப்பதால் பெரும்பாலும் தானாகவே ஒட்டிவிடும். கட்டுப் போட்டு ஆறுதலாக இருந்தால் போதும். பரியாரி கட்டினாலும் ஒட்டும், சூரிச்சில் பிரேஸ் போட்டாலும் ஒட்டும். சிலுவை நார் மூட்டின் உள்ளே, நீருக்குள் கிடக்கிறது. அறுந்த இரண்டு நுனிகளுக்கும் இடையில் இரத்தம் உறைந்து பாலம் கட்ட அந்த நீர் விடாது. எண்ணெய் அங்கே போய்ச் சேரவும் மாட்டாது. முதல் இரண்டு மூன்று நாளில் உருவினால் கசிவு கூடுமே தவிரக் குறையாது. எலும்பு வைத்துக் கட்டுவதில் எங்கள் வைத்தியர்களுக்கு இருக்கும் கைப்பழக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எந்த நார் அறுந்தது என்று தெரிய முதல் யாரும் உருவக் கூடாது. கைதேர்ந்த வைத்தியர் காலைப் பிடித்து முன்னுக்கு இழுத்துப் பார்த்தே பாதி சொல்லிவிடுவார், மிச்சத்தை எம்.ஆர்.ஐ. சொல்லும்.

சிலுவை நார் தானாக ஒட்டவே ஒட்டாது என்பதும் இப்போது முழு உண்மை இல்லை. முழங்காலை 90 பாகையில் மடித்து நாலு கிழமை பூட்டி வைத்து, பிறகு படிப்படியாக விடும் ஒரு முறையை அவுஸ்திரேலியாவில் செய்து பார்த்திருக்கிறார்கள். 2023இல் வெளிவந்த ஆய்வில் 80 பேரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மூன்றாம் மாத ஸ்கானில் ஒட்டிய அடையாளம் தெரிந்தது. காயம் பட்டவுடன் தொடங்க வேண்டும், இரத்தக் கட்டி வராமல் மருந்து எடுக்க வேண்டும், நிபுணரின் கண்காணிப்பு வேண்டும். இதைக் கேட்டுவிட்டு வீட்டில் தாங்களே கட்டிப் பார்க்க வெளிக்கிட வேண்டாம்.

சத்திரசிகிச்சையா, பயிற்சியா

இதில் எங்கள் இருவரையும் விட நல்ல சாட்சிகள் உண்டு. சுவீடனில் காயம் பட்டுக் கொஞ்ச நாளேயான 121 இளம் வயதினரைச் சீட்டுக் குலுக்கிய மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே சத்திரசிகிச்சையும் பயிற்சியும். மற்றப் பாதிக்கு முதலில் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பிறகு வெட்டலாம். 2010இல் வந்த முடிவு: இரண்டு வருடம் கழித்து நோ, நடமாட்டம், வாழ்க்கைத் தரம் எல்லாவற்றிலும் இரு பகுதியும் ஒன்றுபோல. பயிற்சிப் பகுதியின் 59 பேரில் 23 பேர் அதற்குள் சத்திரசிகிச்சைக்குப் போயிருந்தார்கள், ஐந்தாம் வருடத்தில் அது 30 ஆனது. வெட்டாமல் தொடங்குகிறவர்களில் பாதிப்பேருக்கு வெட்டாமலே சரிவரும் என்று நான் அதை வாசிக்கிறேன். மச்சான் அதே கணக்கைப் பார்த்து, "பாதிப்பேருக்குச் சரிவராது எண்டுதானே இருக்கு" என்கிறான்.

பழைய காயத்தின் கதை வேறு. பிரித்தானியாவில் 316 பேரை வைத்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், நார் அறுந்து நாட்பட்டு, கால் கழன்று போகிற மாதிரி இருப்பவர்களுக்குச் சத்திரசிகிச்சையே கூடிய பலன் தந்தது. இதை வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. ஏனென்றால் நான் பழைய காயக்காரன். பஸ்சில் இருந்து இறங்கும்போது இரண்டு தரம் எனக்குக் கால் விட்டிருக்கிறது. அதன் பிறகுதான் பெரியாஸ்பத்திரியின் உடற்பயிற்சிப் பகுதிக்குப் போய் ஒழுங்காகத் தொடங்கினேன். எட்டு மாதம். இப்போது கால் விடுவதில்லை. பந்து விளையாடுவதும் இல்லை.

என் தீர்ப்பு இதுதான். பாடசாலை அணியில் உதைபந்தாட்டம் ஆடும் பதினெட்டு வயதுப் பெடியனோ பெட்டையோ என்றால் சத்திரசிகிச்சை. ஓடும்போது சடாரென்று திரும்பும் விளையாட்டை விட மாட்டார்கள், விடச் சொல்லவும் கூடாது. நாற்பது வயதில் கந்தோர் வேலை, சைக்கிள், கோயில் குளம் என்று இருப்பவர் மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து பார்க்கட்டும். கால் விடுகிறதென்றால் அப்போது வெட்டலாம், பிந்திவிடவில்லை. ஒரு விதிவிலக்கு: முழங்கால் இறுகி நிமிர மறுத்தால், உள்ளே கிழிந்த சவ்வு மடிந்து அடைத்திருக்கக்கூடும். அதற்குக் காத்திருக்கக் கூடாது.

மச்சான் என் தீர்ப்பில் இரண்டாவது கூட்டம். "அப்ப நான் வெட்டினது வீணோ?" என்று கேட்டான். வீண் இல்லை. அவன் திரும்பவும் பனியில் இறங்க ஆசைப்படுகிறான், ஸ்கீ முழங்காலைத் திருப்பும் விளையாட்டு. அவனுடைய கணக்கு வேறு.

எந்த நாரை எடுப்பது

சத்திரசிகிச்சையில் அறுந்த நாருக்குப் பதிலாக வைக்கும் புது நாரை உடம்பிலேயே வேறு இடத்தில் இருந்து வெட்டி எடுக்கிறார்கள். தொடையின் பின்பக்க நார், அல்லது முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் நார். சில்லுக்கு மேலேயுள்ள நாரும் உண்டு. சுவிஸ் வைத்தியர் மச்சானிடம் ஸ்கீ, ஓட்டம், மாடிப்படி எல்லாம் கேட்டிருக்கிறார். சம்மணம் கொட்டி இருப்பீர்களா என்று கேட்கவில்லை. கேட்க அவருக்குத் தோன்றாது, நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் முழங்காலுக்கு இருக்கும் வேலையைப் பாருங்கள். கிணற்றடியில் குந்தி உடுப்புத் தோய்க்க வேண்டும். கோயில் மண்டபத்தில் சம்மணம். குருநகரிலும் பாசையூரிலும் ஞாயிறு பூசையில் முழந்தாளில் நிற்கவேண்டும், திங்கள் குந்தியிருந்து வலை பொத்தவேண்டும். சோனகர் தெருவில் ஐந்து நேரத் தொழுகை. சில்லுக்குக் கீழே எடுத்தால் முழந்தாளில் நிற்கும்போது அந்த இடம் நோகும் என்பது தெரிந்த குறை. ஆனால் இளம் விளையாட்டு வீரருக்கு அது திரும்ப அறுவது குறைவு என்று பலர் அதையே விரும்புகிறார்கள். பின்தொடையில் எடுத்தால் முழந்தாள் பிரச்சினை குறைவு, ஆழமாக மடக்கும் பலம் கொஞ்சம் குறையும். மீன்பிடிக்காரருக்கும் தொழுகைக்காரருக்கும் நான் பின்தொடையையே சொல்வேன். மச்சானுக்கும் அதுதான் எடுத்தது. அப்படியிருந்தும் ஐந்தாம் மாதத்தில் நல்லூர் மணலில் அவன் இருந்து எழும்ப என் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "தம்பிக்கு வாதமோ" என்று பரிதாபப்பட்டார்.

சுவிசா, ஊரா

காசுக் கணக்கில் ஊர் தோற்கும் என்று நினைத்தேன். அவ்வளவு நேராக இல்லை. கத்தி வைப்பதற்கு அரச வைத்தியசாலையில் காசில்லை, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். பலாலியில் இருந்து சென்னைக்கு விமானம் இருப்பதால் அங்கே போகிறவர்களும் உண்டு. உண்மையான செலவு அதற்குப் பிறகு வரும் ஒன்பது மாதம். சுவிசில் கிழமைக்கு 8 மணித்தியாலத்துக்குக் குறையாமல் வேலை செய்கிறவருக்கு, வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் காப்புறுதி உண்டு. மூன்றாம் நாளில் இருந்து சம்பளத்தில் 80 வீதம் வரும். மச்சான் வீட்டில் இருந்து கால் நீட்டப் பழகினான். இங்கே மேசன் வேலைக்குப் போகிறவருக்குக் கால் நீட்டுகிற நாளெல்லாம் அடுப்பு எரியாத நாள். பலர் ஆறாம் கிழமையே கட்டடச் சாரத்தில் ஏறுகிறார்கள். வைத்த நார் உள்ளே செத்துப் புதிதாக உயிர்க்கும் காலம் அது, ஆகப் பலவீனமாக இருக்கும்.

கருவி விஷயத்தில் ஊர் தோற்கவில்லை. முதல் கிழமைகளின் முக்கிய வேலை காலை மடக்குவது இல்லை, முழுவதாக நிமிர்த்துவது. குதிக்காலுக்குக் கீழே சுருட்டிய துவாய், முழங்காலுக்குக் கீழே வெறும் இடம், தொடையை இறுக்கிக் கீழே அமத்திப் பத்து எண்ண வேண்டும். துவாய்க்கு சுவிசும் ஊரும் ஒன்றுதான். அடுத்தது நின்ற இடத்தில் உழக்கும் சைக்கிள். மச்சானுக்கு அங்கே திரையும் எண்ணும் காட்டும் மெசின். எனக்கு வீட்டு லுமாலா சைக்கிள்: டபிள் ஸ்டாண்டைப் போட்டால் பின்சில்லு நிலத்தில் படாது. சீற்றை நல்லா உயர்த்திவிட்டால் கால் குறைவாக மடியும். மாமரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறி உழக்கினால் சரி. மச்சான் வந்த மூன்றாம் நாளே அதில் ஏறிவிட்டான். மலசலகூடத்துக்கு, நடுவில் வட்டமாக வெட்டின பிளாஸ்டிக் கதிரை. அவன் அதைப் படம் எடுத்து அங்கேயுள்ள பயிற்சியாளருக்கு அனுப்பினான்.

தண்ணிக்குள் நடப்பது நல்லது, காயம் மூடின பிறகு. கசூரினாவில் கடல் தூரம்வரை இடுப்பளவுதான், அலையும் பெரிதாக இல்லை. கீரிமலைக் கேணிக்குத்தான் நான் விடவில்லை. தண்ணி நல்ல தண்ணி, ஆனால் பாசி பிடித்த படி பயம்.

திரும்ப விளையாடுவதற்கு நாட்காட்டி மட்டும் போதாது, ஒரு சோதனையும் உண்டு. 2016இல் வந்த ஒரு நோர்வே-அமெரிக்க ஆய்வு, ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் திரும்பக் காயப்படும் வீதம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைகிறது என்று சொல்கிறது. அதோடு கெட்ட காலின் பலமும் ஒற்றைக்காலில் பாயும் தூரமும் நல்ல காலில் 90 வீதத்துக்காவது வரவேண்டும். ஐந்தாம் மாதத்தில் பாய்ந்து பார்க்க விடாததால், அம்மாவின் தையல் நாடாவை எடுத்துத் தொடையை அளந்தோம். சில்லுக்கு மேலே ஒரு சாண் வைத்துப் பேனையால் கோடு. மச்சானுக்கு வலது 51 சென்ரிமீற்றர், இடது 47. எனக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று, அரைச் சென்ரிமீற்றர்தான் வித்தியாசம். அதைப் பார்த்து அவன் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. பிறகு எழும்பிப் போய் லுமாலாவில் ஏறினான்.

தையில் அவன் அனுப்பிய படத்தில் மகள் பனியில் சறுக்கிக்கொண்டு போகிறாள். இவன் கீழே கோப்பிக் கடைக் கதிரையில். பத்தாம் மாதம், தொடை 49 என்று எழுதியிருந்தான். அம்மா அந்த நாடாவை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறா.