அரிய சீன எழுத்துகளை வடிகட்ட எந்தப் பட்டியல் நல்லது?

சீன அகராதிச் செயலியில் ‘யி’ என்ற ஒலியை நான்காம் தொனியில் தேடிப் பாருங்கள். எண்ணம், எளிமை, கலை, பத்துக் கோடி என்று அன்றாடம் தேவைப்படும் எழுத்துகள் முதலில் வரும். அதற்குக் கீழே, எந்த நூற்றாண்டிலோ யாரோ ஒருமுறை எழுதிவைத்த வடிவங்கள் வரிசைகட்டி நிற்கும். 1716இல் வெளிவந்த காங்சி அகராதியிலேயே 47,000க்கும் மேற்பட்ட எழுத்துகள் உண்டு. கணினிகளில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோட் தரநிலையில் இன்று உள்ள சீன எழுத்துகள் 90,000ஐத் தாண்டிவிட்டன. பெரிய அகராதி எதையும் செயலியில் சேர்த்தால் இந்தக் கூட்டமும் கூடவே வந்துவிடும். படித்த சீனர் ஒருவருக்கே மூன்று நான்காயிரம் எழுத்துகள் போதும் என்னும்போது, கற்பவர் இதைச் சுமக்க வேண்டியதில்லை. ஆகவே வடிகட்டி வேண்டும். எதை அளவுகோலாக வைத்து வடிகட்டுவது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

செயலி எழுதுபவருக்கு மிகச் சுலபமான வழி யூனிகோட் தொகுதி. 20,902 எழுத்துகள் கொண்ட அடிப்படைத் தொகுதியை வைத்துக்கொண்டு, பின்னர் சேர்ந்த விரிவாக்கத் தொகுதிகளை மறைத்துவிடலாம். இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வழி. அடிப்படைத் தொகுதிக்குள்ளேயே வழக்கொழிந்த எழுத்துகள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் குப்பை அப்படியே தங்கிவிடுகிறது. வெளியே போவதில் நல்லவையும் உண்டு. ஹாங்காங்கில் மின்தூக்கியைப் பேச்சுவழக்கில் ‘லிப்’ என்பார்கள். அதற்கான எழுத்து விரிவாக்கம் ‘பி’யில் இருக்கிறது. நகரமே நாள்தோறும் ஏறி இறங்கும் ஒன்றின் பெயரைத் தொகுதி எண்ணை மட்டும் பார்த்து அரியது என்று ஒதுக்குவது அநியாயம்.

அடுத்தது, கணினிகளுக்காகச் சீன அரசு வகுத்த, 1980ஆம் ஆண்டின் ஜிபி 2312 தரக்குறியீடு. மொத்தம் 6,763 எழுத்துகள். முதல் நிலையில் 3,755, இரண்டாம் நிலையில் 3,008. முதல் நிலையை மட்டும் காட்டினால் திரை அழகாகச் சுருங்கிவிடும். ஆனால் ஷென்ஜென் நகரின் பெயரில் வரும் ‘ஜென்’ எழுத்து இரண்டாம் நிலையில் இருக்கிறது. அந்த ஊர் சிறப்புப் பொருளாதார மண்டலமானதே அதே 1980இல்தான். இன்றைய பெருநகரம் அன்றைய பட்டியலில் ஓர் ஓரத்து ஊர். ‘கான்கா’ என்ற சொல்லும் அப்படியே. சங்கடமான நிலையைக் குறிக்க எல்லோரும் பயன்படுத்தும் சொல் அது. அதன் இரண்டு எழுத்துகளும் இரண்டாம் நிலையில்தான் உள்ளன.

சரி, இரண்டு நிலைகளையும் வைத்துக்கொள்வோம். அப்போதும் 1998 முதல் 2003 வரை சீனப் பிரதமராக இருந்த ஜூ ரோங்ஜியின் ‘ரோங்’ கிடைக்காது. அந்தக் காலத்துக் கணினிகளில் உருவம் ஒத்த வேறோர் எழுத்தைப் போட்டோ, இரண்டு எழுத்துகளை அருகருகே ஒட்டியோ சமாளித்தார்கள். நாட்டின் பிரதமருக்கே இடமில்லாத பட்டியல் மற்றவர்களின் பெயர்களை எப்படிக் காப்பாற்றும்?

சீன மொழி கற்கும் வெளிநாட்டவருக்கான எச்எஸ்கே தேர்வின் பட்டியலைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். 2021இல் வந்த புதிய தரநிலையில் ஒன்பது நிலைகளுக்குமாக 3,000 எழுத்துகள். தேர்வுக்குப் படிக்க அருமையான துணை. ஆனால் இது ‘எதை முதலில் படிப்பது’ என்ற கேள்விக்குத்தான் விடை, ‘எது அரியது’ என்பதற்கு அல்ல. சந்தையில் மீனின் பெயரையும் கீரையின் பெயரையும் படிக்க வேண்டியவர் இதை வடிகட்டியாக வைத்தால் வெறுங்கையோடு திரும்புவார்.

பயன்பாட்டு எண்ணிக்கைப் பட்டியல்கள் இவற்றைவிட மேல். அமெரிக்காவின் மிடில் டென்னசி ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூன் டா என்பவர் 2004இல் வெளியிட்டது இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. அவர் எண்ணிய நவீன கால உரைத்தொகுப்பில் 9,933 வெவ்வேறு எழுத்துகள் வந்தன. அவற்றில் முதல் 3,000 எழுத்துகளே ஏறத்தாழ 99 விழுக்காட்டு உரையை நிரப்பிவிடுகின்றன. 2010இல் வந்த சப்ட்லெக்ஸ்-சிஎச் என்ற பட்டியல், திரைப்பட, தொலைக்காட்சி வசன வரிகளை எண்ணியது. பேச்சுச் சீனம் வேண்டுவோருக்கு இது நெருக்கமானது, எழுத்தோடு சொல்லையும் எண்ணியிருப்பது கூடுதல் நன்மை. இந்த வகைப் பட்டியல்களின் பலம் தலைப்பகுதி, பலவீனம் வால்பகுதி. ஆறாயிரமாவது இடத்துக்குக் கீழே போனால், ஒரே ஒரு நூலின் கதாபாத்திரப் பெயர்கூட ஓர் எழுத்தை மேலே தூக்கிவிட முடியும். அங்கே வரிசை எண்ணை நம்பி வெட்டுவது கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவதுதான்.

சிசி-செடிக்ட் போன்ற திறந்த அகராதிகளில் ‘பழைய மாற்று வடிவம்’ என்ற குறிப்பு இருக்கும். அதைக்கொண்டு வடிகட்டினால் நிறையக் களை நீங்கும். ஆனாலும் கவனம் தேவை. மங்கலம் எனப் பொருள்படும் எழுத்தை இரண்டு முறை பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் ‘ஜே’ என்ற எழுத்து கிடைக்கும். ஞானத்தைக் குறிக்கும் வேறோர் எழுத்தின் மாற்று வடிவம் என்றே அது நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் பெற்றோர் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைப்பதை நிறுத்தவில்லை.

அந்த ‘ஜே’வை மீண்டும் முறையான எழுத்தாக ஏற்றது 2013இல் சீன அரசு வெளியிட்ட பொதுத் தரநிலை எழுத்துப் பட்டியல். அதனோடு சேர்த்து 45 மாற்று வடிவங்களுக்கு இடம் கிடைத்தது. மொத்தம் 8,105 எழுத்துகள்: முதல் நிலை 3,500, இரண்டாம் நிலை 3,000, மூன்றாம் நிலை 1,605. அந்த மூன்றாம் நிலைக்காகவே இதை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். குடும்பப் பெயர், ஆட்பெயர், ஊர்ப்பெயர், அறிவியல் கலைச்சொல், பள்ளிப் பாடத்தில் வரும் செவ்வியல் உரை ஆகியவற்றுக்குத் தேவையானவற்றைத் தேடிச் சேர்த்திருக்கிறார்கள். எண்ணிக்கை மட்டும் பார்த்திருந்தால் இவை உதிர்ந்துபோயிருக்கும். சிலவற்றுக்கு யூனிகோட் விரிவாக்கத் தொகுதிகளில்தான் குறியீடு இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். குறை ஒன்று உண்டு: இது எளிமையாக்கப்பட்ட எழுத்துகளுக்கானது. மரபு எழுத்தில் படிப்பவர்களுக்குத் தைவான் கல்வி அமைச்சகத்தின் 4,808 எழுத்துகள் கொண்ட பட்டியல் பொருந்தும்.

எந்தப் பட்டியலை எடுத்தாலும், அதை எல்லாத் தேடலுக்கும் ஒரேபோல் பூட்டுவதைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஒலியைத் தட்டச்சு செய்பவர் தமக்கு ஓரளவு தெரிந்த சொல்லைத் தேடுகிறார். அவருக்கு நூறு ‘யி’க்கள் இடைஞ்சல். விரலால் வரைந்து தேடுபவரின் நிலை வேறு. அவர் முன்னால் அந்த எழுத்து ஏற்கெனவே இருக்கிறது, கல்வெட்டிலோ முகவரி அட்டையிலோ கடைப்பலகையிலோ. சியான் நகரில் ‘பியாங்பியாங்’ நூடுல்ஸ் கடை முன் நின்று, ஐம்பதுக்கும் மேற்பட்ட கோடுகள் கொண்ட அந்த எழுத்தைப் பொறுமையாகப் பார்த்து வரைகிறார் ஒருவர். 2020இல்தான் அதற்கு யூனிகோடில் இடம் கிடைத்தது. அதை அரியது என்று அவரிடம் மறைப்பதில் என்ன பயன்?

ஆகவே ஒலித் தேடலில் 2013 பட்டியலின் முதல் இரண்டு நிலைகள் மட்டும் உடனே தெரியட்டும். அவற்றுக்குள் வரிசையைச் சப்ட்லெக்ஸ் எண்ணிக்கை தீர்மானிக்கட்டும். மூன்றாம் நிலையும் மற்றவையும் ‘மேலும் காட்டு’ என்ற பொத்தானுக்குப் பின்னே இருக்கலாம். கூட்டுச்சொற்களுக்கு வடிகட்டியே வேண்டாம். ‘கான்கா’வைத் தேடுபவருக்கு அது முழுச்சொல்லாகக் கிடைத்தாக வேண்டும், மூன்று ராஜ்யக் காலத் தளபதி சிமா யியின் பெயரும் அப்படியே. வரைந்து தேடுவதிலும் எழுத்தின் உறுப்புகளைக் கொண்டு தேடுவதிலும் ஒன்றையும் மறைக்கக் கூடாது, அரியவை பட்டியலின் அடியில் வந்தால் போதும். ஹாங்காங்கில் பேசப்படும் கான்டோனீய மொழியின் அகராதியைச் சேர்த்திருப்பவர்கள் அதை இந்த வடிகட்டியிலிருந்து முழுமையாக விலக்கி வைக்க வேண்டும். 2013 பட்டியல் பொதுச்சீனத்தை மனத்தில் வைத்துச் செய்தது, ஹாங்காங்கின் பேச்சுவழக்கு எழுத்துகளுக்கு அது பொறுப்பேற்காது.